கெயின் ஏழு, வால்யூம் மூன்று

எங்கள் மாமாவுக்கு கிடார் வாசிக்கத் தெரியும் என்று நான் எழுதினால், உண்மையிலேயே வாசிக்கிறவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அம்மாவின் தம்பி அவர். வாரத்தில் ஐந்து நாள் தாலுகா ஆபீஸில் கிளார்க், சனி ஞாயிறு மட்டும் கலைஞர். விரல்களைத் தந்திகளின் மேல் மூன்று விதமாக வைக்கத் தெரியும். நாலாவது விதம் தேவைப்படுகிற பாட்டுகள் அவருக்குப் பிடிக்காது. மெட்ராஸில் இருந்த சிநேகிதர் ஒருவர் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போன கிடாரும், அதனோடு வந்த ஒரு கறுப்புப் பெட்டியும் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தன. மாமா பாளையங்கோட்டையில் வாடகை அறையில் இருந்தார். அங்கே வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார் என்று கலை ஆற்றைத் தாண்டி டவுனுக்கு வந்து, எங்கள் மாடியில் குடியேறியிருந்தது.

அந்தப் பெட்டியை மாமா ஆம்ப் என்பார். கிடார் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கென்று செய்த சின்ன ஆம்ப். என் பள்ளிக்கூடப் பை உயரம்தான் இருக்கும். முன்பக்கம் கம்பி வலை. மேலே வரிசையாக நாலு திருகுகள், ஒரு சிவப்பு விளக்கு, வயர் செருக ஒரு துளை. திருகுகளுக்குக் கீழே கெயின், வால்யூம், பாஸ், ட்ரெபிள் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொன்றையும் சுற்றிப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள் போட்டிருக்கும். வால்யூம் எனக்குத் தெரியும், ரேடியோவில் இருக்கிறதுதானே. பாஸ், ட்ரெபிள் இரண்டும்கூட ஒருமாதிரி பிடிபட்டன. ஒன்று கனம், ஒன்று கீச்சு. கெயின்தான் என்னவென்று தெரியவில்லை. மாமாவிடம் கேட்டேன்.

"அது நமக்கு இல்லளா. தலைமுடிய விரிச்சுப் போட்டுட்டு ஆடிக்கிட்டே வாசிக்கான்லா வெளிநாட்டுக்காரன், அவனுக்கு. சத்தத்தக் கிழிக்கதுக்குன்னு வச்சிருக்கான். நீ அதத் தொட்டுறாதே."

அவரும் அதைத் தொட்டதில்லை. கெயின் எப்போதும் ஒன்றில் நிற்கும். தனக்குத் தெரியாத எதைப் பற்றியும் மாமாவிடம் இப்படி ஒரு முழுமையான விளக்கம் கைவசம் இருக்கும்.

இனி அப்பாவைச் சொல்ல வேண்டும். அப்பா கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். காலையில் வழக்கு எண்ணையும், வாதி பிரதிவாதி பெயர்களையும் வாசிப்பது அவர் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற வக்கீல் குமாஸ்தா ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: "உங்கப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டா, செய்யாத குத்தத்தக்கூட ஒத்துக்கிடலாம்னு தோணும், பாத்துக்கோ." குறுக்குத்துறையில் குளிக்கப் போனால், படித்துறையில் நின்று அப்பா என்னைக் கூப்பிடுகிற சத்தத்துக்கு ஆற்றுக்கு நடுவே பாறையில் துணி காயப்போடுகிறவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர் கோபப்பட்டுக் கத்தி நான் கேட்டதில்லை. குரல் இயல்பாகவே அத்தனை தூரம் போகும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம் அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. சுக்குக் கஷாயம் போட்டார்கள். மிளகைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தார்கள். ஆடி பிறந்தபோது குரல் போய் மூச்சுச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் இரண்டு முறை மதுரைக்குப் போய் வந்தார்கள். வந்த பிறகு, நான் அறைக்குள் நுழைந்தால் பெரியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. பேச்சை நிறுத்தினால் ஒளிந்திருந்து கேட்கிற வயது. அப்பாவுக்குத் தொண்டையில் புற்று என்பதையும், குரல்வளையையே எடுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அதற்குப் பிறகு பேச்சு வராது என்பதையும் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். டாக்டர் ஆடியிலேயே வந்து சேரச் சொல்லியிருக்கிறார். ஆவணி முதல் ஞாயிறு வரை பொறுக்க வேண்டும் என்று அப்பா தாளில் எழுதிக் காட்டியிருக்கிறார். டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதற்கு அடுத்த வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு நிச்சயம். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அம்பாசமுத்திரத்து மாப்பிள்ளை. நிச்சயம் எங்கள் வீட்டில், கல்யாணம் தையில்.

எங்கள் குடும்பத்தில் நிச்சயத்தன்று பத்திரிகை வாசிப்பது ஒரு முக்கியமான காரியம். இன்னாருடைய பேத்தி, இன்னாருடைய மகளை, இன்னாருடைய பேரனும் இன்னாருடைய மகனுமான இவருக்கு, இன்ன மாதம் இன்ன தேதியில் கைப்பிடித்துக் கொடுக்க நிச்சயித்திருக்கிறோம் என்று எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளைப் பெண்வீட்டுப் பெரியவர் சபைக்கு வாசிக்க வேண்டும். தாத்தா போன பிறகு அது மூத்த மகனான அப்பாவின் பாடு. கடைசி ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறவர் காதிலும் அது விழ வேண்டும். யாராவது ஒருவர் விழவில்லை என்று சொன்னால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். மூத்தவர் முன்னால் உட்கார்ந்திருக்க, இளையவர் எழுந்து வாசித்தால் ஏன் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குத்தான் எங்கள் வீடு பயந்தது.

ஏனென்றால், மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள்; வெறும் தொண்டைக் கட்டென்றால் கரகரத்தாவது வாசிக்கலாமே என்பார்கள். அது சித்தப்பாவின் ஏற்பாடு. அப்பாவுக்கு அடுத்தவர் அவர். "புத்துன்னு ஒரு சொல் காதுல விழுந்தாப் போதும், நாளைக்கு பொண்ணுக்கும் வருமோம்பாவ, பிறக்கப் போற பிள்ளைக்கும் வருமோம்பாவ. கல்யாணம் முடியட்டும். பொறவு சொல்லிக்கிடுவோம். நோய் எங்கன ஓடிப் போயிரப் போவுது?"

அம்மா ஒரே ஒரு தடவை மறுத்துச் சொன்னதைக் கேட்டேன். "அந்த வீட்டுல வாழப் போறது அவல்லா, தம்பி. பொய்யையும் சீரோட சேத்தா அனுப்பணும்?"

"மதினி, நீங்க சும்மா இருங்க. இவ கல்யாணம் நடக்கணுமா வேண்டாமா?"

அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பா அங்கேதான் இருந்தார். பேச முடியாதவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை என்பதை அந்த ஒரு மாதத்தில் நான் பார்த்துவிட்டேன். அவர் தாளையும் பேனாவையும் எடுப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள்.

பெட்டியை வைத்துச் சமாளிக்கலாம் என்று சொன்னது மாமா. தெரிந்த மெல்லிசைக் குழுவிலிருந்து ஒரு மைக்கை இரவல் வாங்கி வந்தார். கிடார் வயர் செருகும் துளையிலேயே மைக் வயரும் பொருந்தியது. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, வாய்க்கு முன்னால் மைக்கைப் பிடித்து, வால்யூமைப் பத்தில் கொண்டுபோய் வைத்தார். கெயின் வழக்கம்போல ஒன்றில் நின்றது. அப்பா வாசித்தார். பெட்டியிலிருந்து 'இஸ்' என்று ஓர் இரைச்சல் வந்தது. அப்பாவின் சொற்களில் ச வருகிற இடம் மட்டும் லேசாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் எங்கேயோ போயிற்று.

"இதுக்கு மேல வால்யூம் இல்லையே அத்தான்" என்று மாமா கையை விரித்தார்.

அப்பா தாளை மடியில் வைத்தார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். தொடாதே என்று மாமா சொன்ன திருகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சத்தம் எப்படிக் கிழியும் என்று பார்க்கிற ஆசையில், எல்லோரும் சோர்ந்திருந்த நேரம் பார்த்து, அதைப் பையத் திருகினேன். இரண்டு, நாலு, ஆறு. இரைச்சல் தடித்தது. அப்போது அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் சொன்னது:

"போதும் மாப்ளே. விட்டுரு."

நாங்கள் மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தோம். அது அப்பாவின் பழைய குரல் இல்லை. மணலில் எதையோ இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. ஆனால் அப்பாதான். ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பா ஒரு சொல்லைச் சொல்லி, அது அறையின் மறுபக்கம் வந்து சேர்ந்திருந்தது. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் பெட்டி சொன்னது.

"கெயினக் கூட்டணும்னு நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் மாமா.

அடுத்த பதினைந்து நாளும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அப்பாவும் மாடியில் வாசித்துப் பார்த்தோம். மாமாவுக்கு ஆபீஸ். ஆகவே திருகுகள் என் பொறுப்பு. என்ன செய்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். வால்யூம் மட்டும் பத்தில் இருந்து கெயின் குறைவாக இருந்தால், வெறும் இரைச்சல்தான் பெரிதாகும். உள்ளே எதுவும் போகாதபோது வெளியே எதைப் பெரிதாகச் சொல்ல முடியும்? கெயினைக் கூட்டினால், உள்ளே வருகிற துளிச் சத்தத்தைப் பெட்டி முதலில் பிடித்துப் பெரிதாக்கிக்கொள்கிறது. அப்படிப் பெரிதானதை வெளியே எவ்வளவு விடுவது என்பதைத்தான் வால்யூம் பார்த்துக்கொள்கிறது. இதை நான் அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொண்டது இப்படி: கெயின் பெட்டியின் காது, வால்யூம் அதன் வாய். மின்னணுவியல் படித்தவர்கள் இன்னும் திருத்தமாகச் சொல்வார்கள். எனக்கு இன்றுவரை இது போதுமானதாக இருக்கிறது.

காதைத் திறந்து வைத்தால் வேண்டாததும் கேட்கும் என்பதும் தெரிந்தது. கெயின் ஆறைத் தாண்டியதும் ஓட்டின்மேல் காக்கை நடப்பதைப் பெட்டி சொல்லும். தாள் புரள்வதைச் சொல்லும். அம்மா வெந்நீர்த் தம்ளரோடு வந்து, வாசித்து முடியும் வரை நிலைப்படியில் உட்கார்ந்திருப்பாள். அவள் வளையல் நகர்வதைச் சொல்லும். மைக் பெட்டியைப் பார்த்து நின்றால் காது பிளக்கக் கூவும். அதனால் பெட்டியை மைக்கின் முதுகுப் பக்கம் ஓரமாக வைக்க வேண்டும். நல்ல குரல் உள்ள ஆள் யாராவது அந்தக் கெயினில் பேசினால், துணியைக் கிழிக்கிற மாதிரி பிளந்துகொண்டு வரும். மாமா சொன்ன கிழிசல் இதுதான். எல்லாம் பார்த்து, அப்பாவுக்கென்று ஓர் அளவு கிடைத்தது. கெயின் ஏழு, வால்யூம் மூன்று. மறக்காமலிருக்க இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். அந்த அளவில் அப்பாவின் குரல், உண்மையிலேயே சளி பிடித்துத் தொண்டை கட்டின ஒருவரின் குரலைப் போலவே இருந்தது. சித்தப்பா வந்து கேட்டுவிட்டு, "இது போதும், இது போதும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து வேன் வந்தது. இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா நெடிய மனிதர், அதிகம் பேசாதவர். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, நடுவே தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் மைக். மைக்கின் முதுகுப் பக்கம் ஓரமாக, சபையைப் பார்த்து முக்காலியில் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் பட்டுப்பாவாடையோடு நான்.

"என்ன, கச்சேரிலாம் இருக்கு போலுக்கே" என்று அவர்கள் பக்கத்துக் கிழவர் ஒருவர் கேட்டார்.

"ஆமா வே, உம்ம பாடச் சொல்லத்தான்" என்றார் பக்கத்திலிருந்தவர். கூடம் சிரித்தது. நல்லபடியாகத்தான் தொடங்கியது.

கெடுத்தது சித்தப்பா. வந்தவர்களை வரவேற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மைக்கைக் கண்டதும் அவருக்கே தோன்றிவிட்டது. குனிந்து, "எல்லாரும் வரணும், வரணும்" என்றார். சித்தப்பாவின் குரல் தெருமுனை வரை போகிற குரல். கெயின் ஏழில் இருந்தது. கூடத்துக்குள் தகரக்கூரை சரிந்த மாதிரி ஒரு சத்தம். கைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. மாப்பிள்ளையின் அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மாமா எங்கிருந்தோ ஓடி வந்து, கையில் கிடைத்த திருகைக் குறைத்துவிட்டுப் போனார். அது கெயின்.

அப்பா தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். ஒன்றும் கேட்கவில்லை. உதடு அசைகிறது, பெட்டி வெறுமனே இரைகிறது.

"சத்தமே வரலையே" என்றது பின்வரிசை.

மாப்பிள்ளையின் அப்பா காதருகே கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். நான் திருகைப் பார்த்தேன். ஒன்றில் நின்றது. பதற்றத்தில் சாக்பீஸ் புள்ளியையும் தாண்டி ஒன்பது வரை கொண்டுபோய்விட்டேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றுவது கேட்டது. வளையல் சத்தம் கேட்டது. அம்மா வெந்நீர்த் தம்ளரோடு வந்து அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். தம்ளரைக் கொடுத்துக்கொண்டே அவர் காதோரம் ஏதோ சொன்னாள். அவள் சொன்னது அவர் காதுக்குப் போனதோ இல்லையோ, கூடம் முழுக்கப் போயிற்று.

"பைய வாசிங்க. வியாழக்கிழமை மதுரையில குரல்வளைய எடுத்துருவாவ. பொறவு பேச்சு வராது. இருக்க குரல்ல உங்க தங்கச்சிக்கு நீங்களே வாசிச்சிருங்க."

பெட்டி ஃபேன் சத்தத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். "தொண்டைக் கட்டுன்னுதானே சொன்னீங்க?"

"அது அண்ணாச்சி, அது வந்து... மைக்குல என்னமோ... ஏளா, அணைளா அத!"

அந்தக் கடைசிச் சொல்லும் மைக்கில் விழுந்து பிளந்தது. என் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. அப்பா திரும்பி என்னைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார்.

"அணைக்காண்டாம்" என்றது பெட்டி.

நான் கையை எடுத்துக் கெயின்மேல் வைத்தேன். ஏழுக்குக் கொண்டுவந்தேன். அப்பா மைக்கை உதட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டு பேசினார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு. "அவ சொன்னது நிசந்தான். புத்து. ஒளிச்சது எங்க தப்பு. எங்க அப்பாவுக்கு இது இல்ல, தாத்தாவுக்கும் இல்ல. எனக்குத்தான் வந்திருக்கு. எந்தங்கச்சிக்கு இதுல ஒரு பங்கும் கெடையாது. நீங்க இப்ப எந்திரிச்சுப் போனாலும் நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

ஒரு மாதமாக யாரும் கேட்காத அவருடைய அபிப்பிராயத்தை அப்படித்தான் எல்லோரும் தெரிந்துகொண்டோம்.

அவர்கள் எழுந்து போகத்தான் செய்தார்கள். வீட்டுக்கு இல்லை, வாசல் பந்தலுக்கு. பெரியவர்கள் ஐந்தாறு பேர் வட்டமாக நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். வேன் டிரைவர் கிளம்புகிறார்களோ என்று எழுந்து கதவைத் திறந்து வைத்தார். நான் உள்ளறையை எட்டிப் பார்த்தேன். அத்தை பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, கையிலிருந்த வெற்றிலையை நரம்பு நரம்பாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. என்னைப் பார்த்தாள், அடுத்த வெற்றிலையை எடுத்தாள். ஒரு திருகைக் கூடுதலாகத் திருப்பி நான் இவள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. சித்தப்பாவும் அதையேதான் மாமாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். "சின்னப் பிள்ளை கையிலயா கொடுப்பீரு அத?"

மாப்பிள்ளையின் அம்மா முதலில் உள்ளே வந்தார். நேராக அம்மாவிடம் போனார்.

"இன்னும் ஏதாவது இருக்கா? இருந்தா இப்பமே சொல்லிருங்க."

"வேற ஒண்ணும் இல்ல."

"நெசமா?"

"எம் பிள்ளை மேல ஆணை."

அந்த அம்மாள் திரும்பித் தன் கணவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் வந்து பழைய இடத்தில் உட்காரவில்லை. அப்பாவுக்கு எதிரே, தட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கிட்டே உட்கார்ந்தார். "மறைச்சது எனக்கு வருத்தந்தான் தம்பி. இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு, "வாசிங்க. பைய வாசிங்க. வேன்காரன் காத்துக்கிடப்பான், பரவாயில்ல" என்றார்.

அப்பா முதலிலிருந்து வாசித்தார். தாத்தாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், ஊர், தெரு. கோர்ட்டில் வாசிக்கிற அதே நிதானம். அத்தையின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தார். ஏற்கெனவே அவ்வளவு பேசியிருந்ததால் குரல் வரிக்கு வரி தேய்ந்துகொண்டே வந்தது. அது தேயத் தேய நான் கெயினைத் துளித்துளியாகக் கூட்டினேன். ஏழு, ஏழரை, எட்டு. இரைச்சலும் கூடவே ஏறியது. கூவாமலிருக்க வால்யூமை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைத்தேன். தை மாதம் என்று வாசிக்கும்போது ஒன்பதைத் தாண்டியிருந்தது. கடைசி வரியில் கெயின் பத்தில் போய் முட்டியது. அதற்கு மேல் திருக இடமில்லை. அந்த வரியும் கேட்டது. பின்வரிசைக் கிழவர் கையை உயர்த்தி, "விழுந்துச்சு, நல்லா விழுந்துச்சு" என்றார். தட்டு மாற்றினார்கள்.

வியாழக்கிழமை மதுரையில் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது. தையில் அத்தை கல்யாணத்துக்கு, கழுத்தில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு நின்று வந்தவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார். கோர்ட்டில் அவருக்குப் பதிவேடு எழுதுகிற வேலை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தார். அத்தையை அம்பாசமுத்திரத்தில் யாரும் எதற்கும் ஒரு சொல் சொன்னதில்லை. தன் மாமனார் கடைசிவரை, 'எல்லாம் தெரிஞ்சுதான் எடுத்தோம்' என்று ஊரில் சொல்லிக்கொள்வார் என்று அத்தையே சொல்லியிருக்கிறாள்.

நிச்சயத்தன்று மத்தியானம், வேன் போன பிறகு, அம்மா கொல்லையில் உட்கார்ந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கெயினை ஏழோடு நிறுத்தாமல் ஒன்பதுக்குத் திருகியது நான்தான், நீ சொன்னது அதனால்தான் எல்லோருக்கும் கேட்டுவிட்டது என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அம்மா தட்டிலிருந்து தலையெடுக்கவில்லை. "நீ ஒண்ணும் செய்யல. ஏழுல இருந்தாலும் கேட்டிருக்கும். போய்ச் சாப்பிடு" என்றாள்.

அப்பாவுக்குப் போனது குரல்தான். காது நன்றாகவே கேட்டது. அந்த வீட்டில் அவரிடம் யாரும் கிசுகிசுத்துப் பேச வேண்டியிருந்ததில்லை, அம்மாவும் அதற்கு முன்னால் பேசியதில்லை. அவள் சொன்ன மூன்று விஷயத்தில் அப்பாவுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. வியாழக்கிழமை என்று டாக்டர் சொன்னபோது இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து நாள் சாயங்காலம் நிலைப்படியில் உட்கார்ந்து, எந்த எண்ணில் எது கேட்கும் என்று எனக்குச் சமமாக அம்மாவும் படித்திருந்தாள். இதையெல்லாம் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்க எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று. பார்த்த பிறகும் அம்மாவிடம் கேட்டதில்லை. அன்றைக்குக் கொல்லையில் நின்ற பிள்ளைக்கு இது எதுவும் தோன்றவில்லை. நான் பெரிய தப்பு செய்துவிட்டேன், அம்மா பெரிய மனசோடு என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் அது நினைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், இலை போட்டு உட்கார்ந்து, பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.